தூள் தண்ணீரில் எரிவாயு: சுமைகூலி கட்டுமா?

தண்ணீரை மடியில் கட்டிக்கொண்டு போக முடியுமா? முடியாது என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீராகவே இருந்தும், கோலமாவைப் போலக் கையில் அள்ளித் தூவக்கூடிய வெள்ளைப் பொடி ஒன்று இருக்கிறது. பார்வைக்கு உலர்ந்த மாவு. விரலிடையே வைத்து அழுத்தித் தேய்த்தால் ஈரம் கசியும். விஞ்ஞானிகள் அதற்கு 'உலர் தண்ணீர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் வேடிக்கையாக இருந்தால் ஒரு நிமிஷம் பார்த்து வியந்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பொடி குளிரூட்டப்பட்ட கலத்தில், தன் பருமனைப் போல் நூற்றெழுபத்தைந்து மடங்கு மீதேன் வாயுவைத் தனக்குள் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் என்று 2008-ம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் பரிசோதித்துக் காட்டினார்கள். அன்று முதல் உலகின் பல பரிசோதனைச் சாலைகளில் இந்த ஆராய்ச்சி நடந்து வருகிறது. நம் நாட்டிலும் ஹைதராபாத்திலும் சென்னையிலும் இதை ஒட்டிய ஆராய்ச்சிகள் நடைபெற்றிருக்கின்றன.

தனக்கு வேண்டிய இயற்கை எரிவாயுவில் ஏறக்குறையப் பாதியை வெளிநாடுகளிலிருந்து விலை கொடுத்து வாங்கும் நாடு நம்முடையது. அதே சமயத்தில், செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமங்களில் மாட்டுச் சாணமும் வயற்கழிவும் தரக்கூடிய வாயு, சேமித்து வைக்கப் பாத்திரம் இல்லாமல் வீணாகிறது. தண்ணீர்ப் பொடி அந்தப் பாத்திரமாக அமையுமா? அமைந்தால் அதன் செலவு கட்டுமா?

பாத்திரம் இல்லாத பண்டம்

நெல்லுக்குக் குதிர் உண்டு. எண்ணெய்க்கு டின் உண்டு. உப்புக்கு ஜாடி உண்டு. வாயுவுக்குத் தகுந்த பாத்திரம் கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு கிலோ மீதேன், சாதாரண நிலையில், ஒன்றரை கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு பெரிய பீரோ நிறைய வாயு இருந்தால்தான் அதன் எடை ஒரு கிலோவைத் தொடும்.

வீட்டுச் சமையலறையில் இருக்கும் காஸ் சிலிண்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சந்தேகம் எழலாம். அதைப் போலவே மீதேனையும் திரவமாக்கி அடைத்தால் என்ன? சமையல் சிலிண்டரில் இருப்பவை புரொபேனும் பியூட்டேனும். அவை மிதமான அழுத்தத்திலேயே திரவமாகும் சாதுவான வாயுக்கள். மீதேனோ முரட்டு ஜாதி. உஷ்ணநிலை சைபருக்குக் கீழே 82 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இருக்கும் வரையில், எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது.

ஆகவே உலகம் இரண்டு வழிகளைக் கைக்கொண்டது. ஒன்று, காற்றழுத்தத்தைப் போல் இருநூறு மடங்குக்கு மேல் அழுத்தி, கனத்த உருளையில் அடைப்பது. அதுதான் செங்கல்பட்டு வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்களும் ஆட்டோக்களும் நிரப்பிக்கொள்ளும் சி.என்.ஜி. மற்றொன்று, சைபருக்குக் கீழே 162 டிகிரி வரை குளிரவைத்துத் திரவமாக்குவது. அப்போது அதன் பருமன் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. எல்.என்.ஜி. என்ற பெயரில் இப்படித்தான் அது கப்பலேறி வருகிறது. சென்னைக்கு வடக்கே எண்ணூரில், ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டன் எல்.என்.ஜி.யைக் கையாளக்கூடிய நிலையம் 2019-ல் திறக்கப்பட்டது.

இரண்டுமே தேர்ந்த வழிகள். ஆனால் இரண்டும் பெரிய முதலாளிக்கு உரியவை. திரவமாக்கும் ஆலைக்குக் கோடி கோடியாகப் பணம் வேண்டும். இருநூறு மடங்கு அழுத்தும் யந்திரத்தையும் கிராமத்துக் கொட்டகையில் வைத்து நடத்துவது எளிதன்று. சிறிய அளவில் வாயு கிடைக்கும் இடத்துக்குத் தக்க மூன்றாவது வழி உண்டா என்ற தேடலில்தான் தண்ணீர் வந்து நிற்கிறது.

பூட்டில்லாச் சிறை

தண்ணீருக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. போதிய குளிரும் அழுத்தமும் உள்ள இடத்தில் சில வாயுக்களோடு அது சேர்ந்திருந்தால், சாதாரண ஐஸாக உறையாமல், வாயுவின் அணுத்திரளைச் சுற்றிக் கூண்டு கட்டிக்கொண்டு உறைகிறது. மீதேன் விஷயத்தில் நாற்பத்தாறு தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்து எட்டு அறைகள் கொண்ட ஒரு கட்டடம் எழுப்புகின்றன. ஒவ்வோர் அறையிலும் ஒரு மீதேன் மூலக்கூறு குடியிருக்கலாம். வாயுவும் தண்ணீரும் ரசாயன முறையில் கலந்துவிடுவதில்லை. வாயு வெறும் விருந்தாளி. குளிரும் அழுத்தமும் குறைந்தால் சுவர் சரிந்து விருந்தாளி வெளியேறிவிடும். இந்தப் பனிக்கட்டிக்கு 'ஹைட்ரேட்' என்று பெயர். பார்ப்பதற்கு ஐஸ், தீக்குச்சியைக் காட்டினால் சுடர் விட்டு எரியும்!

இது இன்று நேற்றுக் கண்டதல்ல. இங்கிலாந்தின் ஸர் ஹம்பிரி டேவி, 1810-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குளோரின் வாயுவைத் தண்ணீரில் செலுத்திக் குளிரவைத்தபோது இத்தகைய கட்டியைக் கண்டார். அவருடைய சீடரான மைக்கேல் பாரடே 1823-ல் அதன் சேர்மானத்தை ஆராய்ந்தார். 1888-ல் பிரான்ஸின் வில்லார் என்பவர் மீதேன் ஹைட்ரேட்டை உண்டாக்கினார். எனினும் நீண்ட காலம் அது பரிசோதனைச் சாலைப் பொருளாகவே கிடந்தது.

1934-ல்தான் அது வெளியுலகத்துக்கு வந்தது. அதுவும் தொந்தரவாகவே வந்தது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் எரிவாயுக் குழாய்கள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. ஐஸ் உறைந்து அடைக்கிறது என்று எல்லோரும் எண்ணியிருக்க, அடைத்தது ஐஸ் அல்ல, ஹைட்ரேட்தான் என்று ஹாமர்ஷ்மிட் என்ற நிபுணர் கண்டறிந்தார். குழாயை அடைத்த சனியனையே கொள்கலமாக்கிவிட்டால் என்ன என்ற யோசனை பின்னால் பிறந்தது. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால், சுமார் 164 கன மீட்டர் மீதேன் வெளிப்படும். அதற்கு வேண்டிய மூலப் பொருள் வெறும் தண்ணீர். யோசனை பிறந்ததில் ஆச்சரியம் என்ன?

பாலின் மேல் படியும் ஆடை

ஆனால் நடைமுறையில் ஒரு முட்டுக்கட்டை. குளிர்ந்த தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் மீதேனை அழுத்தி வைத்தால், தண்ணீரின் மேற்பரப்பில் முதலில் ஒரு மெல்லிய ஹைட்ரேட் ஏடு படர்கிறது. ஆறிய பாலின் மேல் ஆடை படிவதைப் போல! மேலே உள்ள வாயுவும் கீழே உள்ள தண்ணீரும் அந்த ஏட்டினால் பிரிக்கப்பட்டுவிடுகின்றன. அதன் பிறகு வேலை நத்தை வேகத்தில் நடக்கிறது. நாட்கணக்கில் காத்திருந்தாலும் அடித்தண்ணீர் தண்ணீராகவே கிடக்கும். ஓயாமல் கலக்கிக்கொண்டே இருக்கலாம். ஆனால் கலக்குவதற்கு மின்சாரம் வேண்டும். கலக்கக் கலக்கக் கூழ் கெட்டியாகி யந்திரமும் திணறும்.

தண்ணீரைப் பொடியாக்கும் தந்திரம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஜெர்மனியின் டெகுஸா கம்பெனி 1968-ல் உலர் தண்ணீருக்குப் பேட்டண்ட் உரிமை பெற்றது. அழகுசாதனப் பண்டங்களில் அதற்குப் பயன் உண்டு என்று கருதினார்கள். தயாரிப்பதும் பெரிய வித்தையன்று. தாமரை இலை தண்ணீரை ஒட்டவிடாமல் உருட்டி விடுகிறதல்லவா? அதே குணம் ஏற்றப்பட்ட மிக நுண்ணிய சிலிக்காத் தூளையும் தண்ணீரையும் அதிவேக மிக்ஸியில் ஒன்றரை நிமிஷம் போல அடித்தால் போதும். தண்ணீர் சின்னஞ்சிறு துளிகளாகச் சிதறும். ஒவ்வொரு துளியின் மீதும் சிலிக்காத் துகள்கள் போர்வைபோல மூடிக்கொள்ளும். ஒரு துளி மற்றொரு துளியோடு சேர முடியாது. ஆகவே அந்தக் கூட்டம் முழுவதும் பொடியாக நிற்கிறது.

ஒரு குடம் தண்ணீருக்கு மேற்பரப்பு ஒரு சாண் வட்டம்தான். அதையே கோடிக்கணக்கான துளிகளாக்கினால் வாயு தொடக்கூடிய பரப்பு எத்தனை மடங்கு பெருகும் என்று எண்ணிப் பாருங்கள்! லிவர்பூலில் ஆண்ட்ரூ கூப்பர் குழுவினர் செய்த சோதனையில், சைபர் டிகிரிக் குளிரிலும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 27 மடங்கு அழுத்தத்திலும், யாரும் கலக்காமலே, இந்தப் பொடி தான் கொள்ளக்கூடிய மீதேனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை 160 நிமிஷத்தில் உள்ளே வாங்கிக்கொண்டது. அமெரிக்க எரிசக்தி இலாகா மீதேன் சேமிப்புக்கு அந்நாளில் வைத்திருந்த இலக்கை இது ஏறக்குறைய எட்டிவிட்டது. அதே குழுவினர் 2010-ல் கரியமில வாயுவைக் கொண்டும் சோதித்தார்கள். சிலிக்காவையும் தண்ணீரையும் பொடியாக்காமல் சும்மா சேர்த்து வைத்தபோது உறிஞ்சியதைவிட, பொடி மூன்று மடங்குக்கு மேல் உறிஞ்சியது.

சுண்டைக்காய் கால் பணம்

இவ்வளவு கேட்டபின், நாளைக்கே மோட்டார் வண்டிகள் தண்ணீர்ப் பொடியில் ஓடும் என்று யாராவது முடிவு கட்டினால் அது அவசர முடிவு. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது பழமொழி. இந்தப் பொடியின் கணக்கை நான்கு தலைப்புகளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எடை. மீதேன் ஹைட்ரேட்டின் எடையில் மீதேனின் பங்கு நூற்றுக்குப் பதின்மூன்றுதான், மிச்சம் தண்ணீர். ஒரு கிலோ வாயுவைச் சுமக்க ஏழரைக் கிலோவுக்கு மேல் எடை சுமக்க வேண்டும். சி.என்.ஜி. கார் ஒன்று பத்துக் கிலோ வாயுவை எடுத்துச் செல்வதாக வைத்துக்கொண்டால், அதற்கு எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் பொடி வேண்டும். வாயு தீர்ந்த பின்பும் தண்ணீர் எங்கும் போய்விடாது. அதைத் திரும்பவும் சுமந்தே வர வேண்டும். அதோடு, குளிர் காக்கும் கவசமும், 27 மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் கலமும் வேறு. ஆகவே கார் விஷயத்தில் சி.என்.ஜி. உருளையே கெட்டிக்காரத்தனம்.

இரண்டாவது, குளிர். சைபர் டிகிரியில் 26 மடங்கு அழுத்தம் போதும். பத்து டிகிரிக்கு உஷ்ணம் ஏறினால் சுமார் எழுபது மடங்கு வேண்டும். சித்திரை வெயிலில் செங்கல்பட்டு 38, 40 டிகிரியில் கொதிக்கும்போது ஹைட்ரேட்டை அழுத்தத்தினால் மட்டுமே காப்பாற்ற நினைத்தால், சி.என்.ஜி. உருளையின் அழுத்தத்தையும் பன்மடங்கு மிஞ்ச வேண்டியிருக்கும். அது நடக்காத காரியம். எனவே இந்தப் பொடிக்கு ஊரை விட்டு ஊர் போனாலும் குளிர் கூடவே வர வேண்டும்.

மூன்றாவது, உஷ்ணப் பரிமாற்றம். ஹைட்ரேட் உருவாகும்போது சூடு வெளிப்படுகிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் பொடி சூடேறி, உருவாவது நின்றுவிடும். வாயுவை வெளியே எடுக்கும்போது அதே அளவு சூட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்படி வந்துபோகும் சூட்டின் அளவு, அந்த மீதேன் எரிந்தால் கிடைக்கக்கூடிய வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு. தாங்க முடியாத செலவு என்று சொல்ல முடியாது. ஆனால் பொடியின் நடுவே காற்றிடை அதிகம் இருப்பதால் சூடு எளிதில் கடந்து போகாது. சோதனைக் குழாயில் தெரியாத இந்தச் சிரமம், அண்டா அளவுக்குப் போனதும் தலைதூக்கும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: பொடியின் ஆயுள். ஒரு தடவை வாயுவை ஏற்றி இறக்கியதும், சிலிக்காப் போர்வை கலைந்து, துளிகள் ஒன்றோடொன்று கூடிக்கொள்கின்றன. பொடி மறுபடியும் குழம்பாகிவிடுகிறது. திரும்ப மிக்ஸியில் அடித்தால்தான் பழைய நிலைக்கு வரும். லிவர்பூல் குழுவினரே இதைக் கண்டு, தின்பண்டங்களைக் கெட்டிப்படுத்தப் பயன்படும் ஜெல்லன் என்ற பிசினைத் தண்ணீரில் சேர்த்து 'உலர் ஜெல்' தயாரித்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில், துளிகள் கூடிக்கொள்வது வெகுவாகக் குறைந்தது. எனினும், ஒரு தடவை இரண்டு தடவை என்பது வேறு. ஆண்டுக்கு முந்நூறு தடவை என்பது வேறு. ஒரு பாத்திரத்துக்கு மதிப்பு அது தினமும் தேய்த்துக் கவிழ்த்து மறுபடி பயன்படுவதில்தான் இருக்கிறது.

நம்மவர் செய்தது என்ன?

பொடித் தண்ணீர் ஒன்றே வழி என்று விஞ்ஞானிகள் உட்கார்ந்திருக்கவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் பூபௌதிக ஆராய்ச்சிக் கழகத்தார், உள்ளே பொள்ளலான சிலிக்கா மணிகளைத் தண்ணீரோடு சேர்த்து மீதேனை ஏற்றும் சோதனைகளை நடத்தி 2014-ஐ ஒட்டி வெளியிட்டார்கள். உணவிலுள்ள புரதத்தின் உறுப்பான அமினோ அமிலங்களைச் சிறிதளவு தண்ணீரில் கரைத்தால் ஹைட்ரேட் விரைந்து உண்டாகிறது என்பதையும் அவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஹைட்ரேட் ஆராய்ச்சிக்கென்றே குழுக்கள் இயங்குகின்றன.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்ட செய்தி இன்னும் சுவையானது. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் சேர்ந்த கலவையைக் கொண்டு, பதினைந்தே நிமிஷத்தில் இயற்கை வாயுவைக் கட்டியாக்கிக் காட்டினார்கள். வேகம் அபாரம்; ஆனால் வாயுவின் பருமன் தொண்ணூறில் ஒரு பங்காகத்தான் சுருங்குகிறது. உதவிக்கு வந்த பொருளே சில அறைகளில் குடியேறிவிடுவதுதான் இதற்குக் காரணம். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியிருக்கிறது.

செய்து பார்த்தே விட்டவர்கள் ஜப்பானியர். ஹைட்ரேட்டுக்கு ஓர் அதிசய குணம் உண்டு. சைபருக்குக் கீழே பதினைந்து இருபது டிகிரியில் வைத்தால், மேலே ஓர் ஐஸ் உறை உண்டாகி, உள்ளிருக்கும் வாயுவை அதுவே காக்கிறது, அழுத்தமே தேவையில்லை. நார்வேயில் 1990-களில் இக்குணத்தைப் பயன்படுத்தும் வழி ஆராயப்பட்டது. இதை நம்பி ஜப்பானின் மித்ஸுயி கம்பெனியார், யானாய் என்ற ஊரின் மின்சார நிலையத்தை ஒட்டி, தினம் ஐந்து டன் ஹைட்ரேட் உருண்டைகள் செய்யும் ஆலை ஒன்றை அமைத்தார்கள். 2008, 2009 ஆண்டுகளில் அந்த உருண்டைகளை லாரியில் ஏற்றி, சைபருக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில், வாடிக்கைக்காரர்களிடம் கொண்டு சேர்த்தார்கள். ஆலைக்கு வேண்டிய குளிரை அவர்கள் புதிதாக உண்டாக்கவில்லை. எல்.என்.ஜி.யை மறுபடி வாயுவாக்கும்போது வீணாகும் குளிரையே பிடித்துப் பயன்படுத்தினார்கள்! முறை வேலை செய்தது. ஆனாலும் வியாபாரத்தில் எல்.என்.ஜி. லாரிகளை அதனால் வெல்ல முடியவில்லை.

விஞ்ஞானம் ஜெயித்தும் வியாபாரம் தோற்பது சென்னைக்குப் புதிய கதையன்று. 1842-ல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் பாளங்களை அடுக்கி வைத்து விற்றார்கள். இங்கேயே யந்திரத்தில் ஐஸ் செய்ய முடிந்ததும், கடல் கடந்து வந்த ஐஸுக்கு வேலை இல்லாமற்போயிற்று. குளிர் எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கேதான் குளிர் வியாபாரம் நிலைக்கும்.

ஒரு கிராமத்தின் கணக்கு

அப்படியானால் இந்தப் பொடி எங்கே பயன்படும்? மதுராந்தகம் ஏரிப் பாசனத்திலோ திருக்கழுக்குன்றம் பக்கத்திலோ நூறு மாடுகள் உள்ள ஒரு கிராமத்தை வைத்துக் கணக்குப் போடலாம்.

மாட்டுக்குத் தினம் பத்துக் கிலோ சாணம் என்றால் ஆயிரம் கிலோ. அதிலிருந்து ஏறக்குறைய நாற்பது கன மீட்டர் சாண வாயு கிடைக்கும். அதில் பாதிக்குச் சற்று மேலே, அதாவது இருபத்துமூன்று கன மீட்டர் போல, மீதேன். இந்த மீதேனின் எடை சுமார் பதினைந்து கிலோ. ஒரு சமையல் காஸ் சிலிண்டரில் பதினாலே கால் கிலோ இருக்கிறது. ஆக அந்தக் கிராமம் தினந்தோறும் சுமார் ஒரு சிலிண்டர் எரிபொருளை உற்பத்தி செய்ய வல்லது. ஆனால் அதைச் சேமிக்க, பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று எட்டடி உயரத்துக்கு நிறைய வேண்டும். அதனால்தான் சாண வாயு அடுப்புக்கும் கலத்துக்கும் இடையே சில கஜ தூரத்துக்குள் அடங்கிப்போய்விட்டது. வாயு மிஞ்சினால் வீண். அடுத்த தெருவுக்குக் கூடப் போகாது.

அதே இருபத்துமூன்று கன மீட்டரை லிவர்பூல் கணக்குப்படி பொடியில் ஏற்றினால், சுமார் 130 லிட்டர் தண்ணீர் போதும். அது ஏட்டுக் கணக்கு. பொடியின் இடையே உள்ள வெற்றிடத்தையும் சேர்த்தால் கலம் ஏறக்குறைய இரண்டு பீப்பாய் அளவுக்குப் பெருகும். அப்படியும் ஓர் அறை இரண்டு பீப்பாய்க்குள் அடங்கிவிடுகிறது. அழுத்தமோ சி.என்.ஜி.க்கு வேண்டியதில் எட்டில் ஒரு பங்கு. கலம் ஓர் இடத்தில் ஊன்றி நிற்பதால், காரில் உறுத்திய எடைப் பிரச்னையும் இங்கே இல்லை. குளிர்தான் பாக்கி.

குளிருக்குக் கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை உள்ள மீன்பிடித் துறைகளைப் பார்க்க வேண்டும். மீன் கெடாமல் இருக்க மீனவர்கள் ஐஸ் இல்லாமல் ஒரு நாளும் தொழில் நடத்த முடியாது. ஐஸ் செய்வது, அறைத்துப் பெட்டியில் அடுக்குவது, உருகாமல் காப்பது எல்லாம் இக்கடற்கரைக்குப் பழகிய தொழில். ஐஸ் தொழிற்சாலையை ஒட்டியோ, எண்ணூரில் திரவ வாயு மறுபடி வாயுவாகும்போது வெளிப்படும் குளிரை ஒட்டியோ ஒரு பரிசோதனைக் கூடம் அமைத்தால், பாதிச் செலவுக்கு விடை கிடைக்கும்.

ஆனால் சாண வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரியமில வாயு கலந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. அதுவும் ஹைட்ரேட்டில் குடியேறும் ஆசாமிதான். சைபர் டிகிரியில் மீதேனுக்கு 26 மடங்கு அழுத்தம் வேண்டும் என்றால், கரியமில வாயுவுக்குச் சுமார் 12 மடங்கே போதும். ஆகவே சுத்தம் செய்யாத வாயுவை ஏற்றினால் எரியாத விருந்தாளி முன்னால் புகுந்து நல்ல அறைகளைப் பிடித்துக்கொள்ளும். இதையே திருப்பிப் போட்டு, கரியமில வாயுவை முதலில் ஹைட்ரேட்டாக்கிப் பிரித்தெடுக்கும் வடிகட்டியாகவும் பயன்படுத்தலாம் என்று ஆராய்ச்சியாளர் யோசிக்கிறார்கள்.

மத்திய சர்க்கார் 2018-ல் தொடங்கிய 'சதத்' திட்டத்தில், அழுத்திய சாண வாயு தயாரிக்க ஐயாயிரம் நிலையங்கள் அமைப்பது என்று இலக்கு வைத்தார்கள். குறித்த காலத்துக்குள் எழும்பியவை அதில் மிகச் சிறு பங்கே. கழிவைச் சேகரிப்பதில் தொடங்கி, அழுத்தி ஏற்றிச் செல்வது வரை ஒவ்வொரு படியிலும் செலவு நிற்கிறது. கிராம அளவுக்குத் தக்க சேமிப்பு முறை ஒன்று கிடைத்தால், அந்தப் படிகளில் ஒன்றாவது இறங்கும்.

வங்கக் கடலின் அடியில்

ஹைட்ரேட் என்றதும் கடலின் நினைவு வராமல் இராது. மனிதன் கலத்தில் செய்ய முயல்வதை இயற்கை வங்கக் கடலின் அடியில் யுகயுகமாகச் செய்து வைத்திருக்கிறது. 2006-ல் 'ஜாயிடிஸ் ரெஸல்யூஷன்' என்ற ஆராய்ச்சிக் கப்பல் இந்தியக் கடல்களில் துளையிட்டபோது, கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் கனத்த ஹைட்ரேட் படிவம் தென்பட்டது. 2015-ல் ஜப்பானின் 'சிக்யூ' கப்பல் நடத்திய இரண்டாவது ஆய்வு, வங்கக் கடலில் செறிவான படிவங்கள் இருப்பதை உறுதிப்படுத்தியது. ஆனால் அதை வெளியே எடுப்பது சுலபமில்லை. ஜப்பான் 2013-ல் தன் கடலில் எடுத்துப் பார்த்தபோது, ஆறு நாட்களில் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் கன மீட்டர் வாயு வந்தது; அதற்குள் கிணற்றில் மணல் புகுந்து வேலை நின்றுவிட்டது.

வாயுவைக் கடலிலிருந்து எடுப்பதற்கு நேர்மாறாக, கடலுக்குள் வைப்பதைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. ஐந்நூறு மீட்டருக்குக் கீழே உள்ள கடலாழத்தில் கரியமில வாயுவைத் திரவமாகவும் ஹைட்ரேட்டாகவும் புதைக்கலாம் என்றும், ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் 150 முதல் 170 கன மீட்டர் வரை அந்த வாயுவை ஏற்கும் என்றும் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தொழிற்சாலைப் புகையால் பூமி சூடேறும் இந்நாளில் இது அலட்சியப்படுத்தக்கூடிய யோசனை அல்ல. எனினும் கலத்தில் வைத்த பொடி கெட்டால் கொட்டிவிடலாம்; கடலில் வைத்தது கசிந்தால் கொட்ட இடமில்லை. அந்த ஆழத்து உயிர்களுக்கு என்ன நேரும் என்பதை அளந்து, மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலை நம்பி வாழும் மீனவர்களிடம் விஷயத்தை விளக்கி, அவர்கள் சம்மதத்தோடு செய்ய வேண்டிய காரியம் அது.

கேட்க வேண்டிய கேள்விகள்

உலர் தண்ணீர் ஒரு முக்கியமான முடிச்சை அவிழ்த்திருக்கிறது. நாட்கணக்கில் நடந்த வேலையை இரண்டரை மணி நேரத்தில், கலக்காமலே, நடத்திக் காட்டியிருக்கிறது. ஆனால் வேகம் என்பது ஒரு முடிச்சுதான். குளிரும், சூட்டை அகற்றுவதும், பொடியின் ஆயுளும் இன்னும் அவிழ வேண்டிய முடிச்சுகள். காருக்கும் கப்பலுக்கும் இதை எதிர்பார்ப்பது வீண். வாயு சிறிய அளவில் கிடைக்கும் இடத்தில், குளிர் அருகே உள்ள இடத்தில், ஓரிடத்தில் நிலையாக நிற்கும் கலமாக இதை முயன்று பார்க்க நியாயம் உண்டு.

அதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. செங்கல்பட்டு ஜில்லாவிலேயே, தையூரில், சென்னை ஐ.ஐ.டி.க்கு இரண்டாவது வளாகம் ஒன்று இருக்கிறது. சாண வாயு நிலையங்கள் இருக்கின்றன. ஐஸ் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இவற்றை ஓராண்டு ஒன்று சேர்த்து, நூறு மாட்டுக் கிராமம் ஒன்றில் உண்மையான கலத்தை வைத்து நடத்திப் பார்க்கலாம். பார்த்தபின் மூன்று எண்களை ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். முந்நூறு தடவை ஏற்றி இறக்கிய பின் பொடி எவ்வளவு வாயு கொள்கிறது? ஒரு கிலோ மீதேனைச் சேமிக்க எத்தனை யூனிட் மின்சாரம் ஆயிற்று? அதே வாயுவைச் சிறிய அழுத்த யந்திரத்தால் உருளையில் அடைத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்?

மூன்றாவது எண் முதல் இரண்டையும்விடப் பெரிதாக இருந்தால், தண்ணீர்ப் பொடிக்குச் செங்கல்பட்டுக் கிராமங்களில் இடம் உண்டு. சிறிதாக இருந்தால், அழுத்த யந்திரத்தையே மலிவாக்கும் வழியைத் தேடலாம். எந்த விடை வந்தாலும், காற்றில் போகும் வாயுவுக்கு ஒரு பாத்திரம் தேடும் வேலை ஓர் ஆண்டு முன்னேறியிருக்கும்.